மிஸ் எண்ட சொல்லை ஸ்பானிஷ்ல எப்பிடிச் சொல்லுறது

எங்கட ஊரில இங்கிலிஷ் படிக்காத ஆச்சிமாரும் ஒரு நாளைக்கு நாலஞ்சு தரம் சொல்லுற சொல்லு மிஸ். ஆறு மணி பஸ் மிஸ்ஸாப் போச்சு, போனில மூண்டு மிஸ்ட் கோல் கிடக்கு, இண்டைக்குக் கணக்கு மிஸ் வரேல்ல, குசினியில ரெண்டு கரண்டி மிஸ்ஸிங், வெளிநாட்டில இருக்கிற பேரனை மிஸ் பண்ணுறன். எல்லாத்துக்கும் ஒரே சொல்லுத்தான், ஒருதருக்கும் குழப்பமில்லை. ஆனா அதையே ஸ்பானிஷுக்குக் கொண்டுபோகேக்க அந்த ஒண்டு எட்டுப் பத்தாப் பிரியும், எந்த இடத்துக்கு எது எண்டு தெரியாமப் போட்டால் நாங்கள் சொல்ல வந்தது ஒண்டு, கேக்கிற ஆளுக்கு விளங்கிறது வேறொண்டு.

நான் கிளிநொச்சிப் பக்கம் ரியூசன்ல இங்கிலிஷ் படிப்பிக்கிறன். தம்பி மட்ரிட்ல இருக்கிறான், அவன்ர மனுசி கொலம்பியாவில பிறந்தவ, எனக்கு மச்சாள். அவவுக்குத் தமிழ் தெரியாது, இங்கிலிஷும் கொஞ்சந்தான், அதால நான்தான் ஸ்பானிஷ் படிச்சன், வாட்ஸ்அப்ல வொய்ஸ் அனுப்பி அனுப்பி அவ திருத்தித் திருத்தி வந்த ஸ்பானிஷ். இப்ப எங்கட பக்கத்துப் பெடியள் பெட்டையள் கனபேர் ஒன்லைன்ல ஸ்பானிஷ் படிக்கினம், எல்லாரும் இங்கிலிஷ் வழியாத்தான் படிக்கினம், இந்தச் சொல்லில வந்து எல்லாரும் தடுக்குப்படினம். அவைக்காகத்தான் இதை எழுதுறன்.

முதல்ல எழுத்தைப் பற்றி ஒரு சின்ன விசயம். ஸ்பானிஷ் எல்லாத்தையும் இஞ்ச தமிழ் எழுத்திலதான் எழுதியிருக்கிறன். ஸ்பானிஷ்ல ட எண்டு நாக்கை மடிச்சுச் சொல்லுற சத்தம் இல்லை, எங்கட த மாதிரிப் பல்லில நாக்குப் படவேணும். எங்கட ஞ அப்பிடியே அவைக்கும் இருக்கு, இங்கிலிஷ்காரர் அதுக்குக் கஷ்டப்படுவினம், எங்களுக்கு ஞாயிறு எண்டு சொல்லத் தெரிஞ்சால் காணும். அது எண்டு சொல்லேக்க நடுவில த எவ்வளவு மெதுவா வருதோ அதே மெதுமைதான் அவையின்ர சொல்லுக்கு நடுவில வாற த-வும். இதால மச்சாள் எனக்கு முதல் நாளே சொன்னவ உன்ர உச்சரிப்பு நல்லாருக்கு எண்டு, அது என்ர கெட்டித்தனம் இல்லை, தமிழ் தந்தது.

இனி விசயத்துக்கு வருவம். பஸ்ஸை மிஸ் பண்ணினால் பெர்தேர் எண்ட வினை. பெர்தேர் எண்டால் துலைக்கிறது. பெர்தீ எல் அவுத்தோபூஸ் தெ லாஸ் ஸேயிஸ், ஆறு மணி பஸ்ஸைத் தவறவிட்டிட்டன். ரெயின், பிளேன் எல்லாத்துக்கும் இதுதான். நாங்கள் பஸ்ஸை விட்டிட்டன் எண்டு சொல்லுவம் தானே, அந்த விடு-வை அப்பிடியே ஸ்பானிஷுக்கு மாத்தப் போகாதேங்கோ, அவைக்கு அது பஸ்ஸை எங்கயோ கொண்டுபோய் நிப்பாட்டி விட்டிட்டு வந்த மாதிரிக் கேக்கும். பஸ்ஸைத் துலைச்சன் எண்டுதான் அவையள் சொல்லுறது. மிஸ்ட் கோலும் இதிலதான் வரும், யமாதா பெர்தீதா, துலைஞ்ச அழைப்பு.

மட்டுமட்டாப் பிடிச்சிட்டன், இல்லாட்டி போயிருக்கும் எண்டு சொல்லவேணும் எண்டால் போர் போக்கோ எண்டு துடங்கோணும். போர் போக்கோ பியெர்தோ எல் அவுத்தோபூஸ். இதில ஒரு புதினம் பாருங்கோ, நடந்து முடிஞ்ச கதைதான், ஆனா வினை நிகழ்காலத்தில நிக்குது. நேற்றுக் காலமை பரந்தன் சந்தியில ஓடிப்போய் ஏறினதை இண்டைக்குச் சொல்லேக்கயும் பியெர்தோ எண்டுதான் வரும். பெர்தீ எண்டு இறந்தகாலம் போட்டால் உண்மையா விட்டிட்டீங்கள் எண்டு நினைப்பினம்.

அடுத்தது ஒரு நிகழ்ச்சியைத் தவறவிடுறது. வைகாசியில வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு இந்த முறை போகேல்ல, காய்ச்சல். அதுக்கு மே பெர்தீ எல் பொங்கல். அதே பெர்தேர்தான், முன்னால மே எண்டு ஒண்டு சேர்ந்திருக்கு, எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லாமப் போச்சு எண்ட மாதிரி ஒரு சாயல் அதில வரும். ஆனா பின்னால என்னத்தை எண்டு சொல்லாமல் வெறுமன மே பெர்தீ எண்டு நிப்பாட்டினால் வழி தவறிப் போனன் எண்டு அர்த்தம். தம்பி மட்ரிட்டுக்குப் போன புதுசில வேலைத் தலத்தில ஒருக்கா இப்பிடிச் சொல்லி, நேற்றைய விருந்துக்கு ஏன் வரேல்ல எண்டு கேட்டதுக்கு மே பெர்தீ எண்டிட்டான், அந்த மனிசர் ஐயோ பாவம் எண்டு அடுத்த தரம் தானே வந்து கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். மே லா பெர்தீ எண்டு நடுவில ஒரு லா போட்டிருக்கோணும். யாருக்கும் ஒண்டைத் தவறவிடாதே, கட்டாயம் பார் எண்டு சொல்லுறதுக்கு நோ தே லோ பியெர்தாஸ்.

பள்ளிக்கூடத்துக்கு வராமல் விட்டால் அது வேற. ஃபால்த்தோ ஆ கிளாஸே, வகுப்புக்கு வரேல்ல. இந்த ஃபால்த்தார் எண்ட வினைதான் எனக்கு எல்லாத்திலயும் விருப்பமானது, இதில கொஞ்சம் நிண்டு கதைக்கோணும்.

இங்கிலிஷ்காரருக்கு இது மண்டைக்குள்ள ஏறக் கனநாள் எடுக்கும் எண்டு சொல்லுவினம், ஏனெண்டால் அவையின்ர மொழியில நான்தான் முன்னுக்கு வரோணும். எங்களுக்கு அப்பிடி இல்லை. எனக்குப் பசிக்குது, எனக்குப் பிடிக்கும், எனக்குக் குறையுது எண்டுதானே சொல்லுறம், நான் பசிக்கிறன் எண்டு ஆரும் சொல்லுறேல்ல. ஸ்பானிஷும் அதே மாதிரித்தான். மே ஃபால்த்தான் தோஸ் பாஹினாஸ், எனக்கு ரெண்டு பக்கம் குறையுது. மே எண்டது எனக்கு, ஃபால்த்தான் எண்டது குறையுது, தோஸ் பாஹினாஸ் ரெண்டு பக்கம். சொல்லுக்குச் சொல்லு வந்து இருக்குது பாருங்கோ. ஒரே ஒரு வித்தியாசம், நாங்கள் ஒண்டு குறைஞ்சாலும் பத்துக் குறைஞ்சாலும் குறையுது எண்டுதான் சொல்லுவம், அவையள் குறையிற சாமான் ஒண்டுக்கு மேல எண்டால் கடைசியில ஒரு ன் சேர்ப்பினம். ஃபால்த்தா ஊனா குச்சாரா, ஒரு கரண்டி இல்லை. ஃபால்த்தான் த்ரெஸ் குச்சாராஸ், மூண்டு கரண்டி இல்லை. நான் ரியூசன்ல பிள்ளையளுக்கு இதைச் சொல்லேக்க இங்கிலிஷை ஒருக்கா மறந்திட்டு எனக்கு எண்டு துடங்குங்கோ எண்டுதான் சொல்லுறனான், அஞ்சு நிமிசத்தில பிடிச்சிடுவினம்.

ஃபால்த்தார் ஆக்களுக்கும் வரும். போன தைப்பொங்கலுக்கு முத்தத்தில பானை வைச்சு எல்லாரும் நிண்டு படம் எடுத்தம், அம்மா, பெரியம்மா, அண்ணான்ர பிள்ளையள், பக்கத்து வீட்டு ஆக்கள் எல்லாம் நிக்கினம். அதைத் தம்பிக்கு அனுப்பினன். மச்சாள் பாத்திட்டுக் கீழ எழுதினது ஸோலோ ஃபால்த்தாமோஸ் நோஸோத்ரோஸ், நாங்கள் மட்டுந்தான் இல்லை, நாங்கள்தான் குறை எண்டு. அம்மாக்கு வாசிச்சுச் சொல்ல அம்மா ஓம் ஓம் அதுதான் எண்டு படத்தில வலப்பக்கம் இருந்த இடைவெளியை விரலால தொட்டுக் காட்டினவ, நான் அது மட்டும் அந்த இடைவெளியைக் கவனிக்கவே இல்லை. நீ மட்டுந்தான் இல்லை எண்டு ஒரு ஆளுக்கு எழுதிறதெண்டால் ஸோலோ ஃபால்த்தாஸ் தூ.

இப்ப எல்லாரும் முதல்ல கேக்கிற கேள்வி, ஒருதரை மிஸ் பண்ணுறன் எண்டு எப்பிடிச் சொல்லுறது. ஸ்பெயின்ல தே எச்சோ தெ மெனோஸ். கொலம்பியா, மெக்சிக்கோ, ஆர்ஜென்ரீனாப் பக்கம் எல்லாம் தே எக்ஸ்த்ராஞோ. ரெண்டும் எல்லாருக்கும் விளங்கும், பயப்பிடத் தேவையில்லை. என்ர மச்சாள் பிறந்த இடத்துப் பழக்கத்தில எக்ஸ்த்ராஞோ எண்டுதான் சொல்லுவா, அவையின்ர பக்கத்து வீட்டு மட்ரிட் மனிசி எச்சோ தெ மெனோஸ் எண்டுவா. ஒரு கவனம், ஸ்பெயின்ல மே எக்ஸ்த்ராஞா எண்டு ஆரும் சொன்னால் அது ஆளை மிஸ் பண்ணுறதில்லை, எனக்கு அது அதிசயமா இருக்கு, நம்பேலாமல் இருக்கு எண்டது.

இதில நான் விட்ட பிழை ஒண்டு இருக்கு, நீங்கள் விடக்கூடாது எண்டு சொல்லுறன். எங்கட தமிழ்ல பிள்ளை தாயைத் தேடுது எண்டு சொல்லுவம், உன்னை நல்லாத் தேடுது எண்டு சொல்லுவம், மிஸ் எண்ட சொல்லு வாறதுக்கு முதல் எங்கட வாயில இருந்த சொல்லு இதுதான், இதைவிட வடிவான சொல்லு எனக்குத் தெரியேல்ல. துடக்கத்தில நான் தமிழ்ல நினைச்சு அப்பிடியே மாத்தி மச்சாளுக்குத் தே புஸ்கோ எண்டு எழுதிப்போட்டன். புஸ்கார் எண்டால் துலைஞ்ச சாமானைத் தேடுறது, ஆளைக் கூட்டிக்கொண்டு போக வாறதுக்கும் சொல்லுவினம். அவ நான் சொல்லாமக் கொள்ளாமல் மட்ரிட்டுக்கு வந்திறங்கிட்டன் எண்டு நினைச்சுப் பதறிப்போய் வேலையில நிண்ட தம்பிக்குக் கோல் எடுத்து, அவன் எனக்கு எடுத்து, கடைசியில தே எக்ஸ்த்ராஞோ எண்டு எழுதினாப் பிறகுதான் எல்லாரும் ஆறினது. தமிழ் கை கொடுக்கிற இடம் கன இருக்கு, ஆனா விடு, தேடு, இந்த ரெண்டிலயும் கை கொடுக்காது.

எச்சோ தெ மெனோஸ் எண்டதைப் பிரிச்சுப் பாத்தால் எச்சார் எண்டால் எறியிறது, மெனோஸ் எண்டால் குறைவு, குறைவா எறியிறன் எண்டு ஒரு அர்த்தமும் வராது. அது போர்த்துக்கீசத்தில இருந்து வந்தது, அங்க அச்சார் மெனோஸ், குறைவாக் காணுறது, இருக்கவேண்டிய இடத்தில பாத்தால் காணேல்ல. ஸ்பானிஷ்காரற்ற காதுக்கு அச்சார் எச்சாரா மாறிப்போச்சு. போர்த்துக்கீசம் எண்டதும் எங்கட ஆக்களுக்கு ஒண்டு சொல்லோணும், மன்னாரில 1560ல அவங்கள் வந்து கோட்டை கட்டினதோட எங்கட வாயிலயும் கனக்கச் சொல்லை விட்டிட்டுப் போயிருக்கிறாங்கள். போர்த்துக்கீசமும் ஸ்பானிஷும் கிட்டின சொந்தம், அதால எங்கட மேசை ஸ்பானிஷ்லயும் மேஸா, சப்பாத்து ஸப்பாத்தோ, அலுமாரி ஆர்மாரியோ. வீட்டுக்குள்ள சும்மா சுத்திப் பாத்தாலே பாதி ஸ்பானிஷ் கிடக்கு.

ஆளை மிஸ் பண்ணேக்க இன்னொரு சின்னச் சொல்லு வரும், அதை விடக்கூடாது. எச்சோ தெ மெனோஸ் ஆ மி எர்மானோ, என்ர தம்பியை மிஸ் பண்ணுறன். எச்சோ தெ மெனோஸ் எல் மார், கடலை மிஸ் பண்ணுறன். தம்பிக்கு முன்னால ஒரு ஆ இருக்கு, கடலுக்கு முன்னால இல்லை. இங்கிலிஷ் வழியாப் படிக்கிறவை இந்த ஆ-வைப் பாடமாக்குவினம். எங்களுக்குப் பாடமாக்கத் தேவையில்லை, எங்கட ஐ-தான் அது. பஸ் பிடிச்சன் எண்டு ஐ இல்லாமச் சொல்லுவம், பால் குடிச்சன் எண்டு சொல்லுவம், ஆனா ஆளெண்டால் தம்பியைப் பிடிச்சன் எண்டுதான் சொல்லோணும், தம்பி பிடிச்சன் எண்டு வராது. ஆளெண்டால் ஐ கட்டாயம், அங்க ஆளெண்டால் ஆ கட்டாயம். எல்லா இடத்திலயும் அச்சொட்டாப் பொருந்தாது, ஆனா தமிழ்ல ஐ இல்லாமச் சொல்லிப் பாருங்கோ, காதுக்கு ஒரு மாதிரி இருந்தால் ஆ-வைப் போடுங்கோ, பத்துக்கு ஒம்பது தரம் சரியா வரும்.

மிச்சத்தை விறுவிறெண்டு சொல்லிக்கொண்டு போறன். பந்து கோலுக்குள்ள போகாமல் வெளியால போனால் ஃபாயார், ஃபாயோ எல் பெனால்த்தி, பெனால்டியைத் தவறவிட்டிட்டான். எழுதினதைத் திருத்தேக்க ஒரு பிழை கண்ணில படாமப் போனால் ஸே மே எஸ்காப்போ, எனக்குத் தப்பிப் போச்சு, இதிலயும் பாருங்கோ எனக்குத்தான், நான் இல்லை. அறிஞ்சோ அறியாமலோ ஒண்டைக் கணக்கில எடுக்காமத் தாண்டிப் போனால் பஸார் போர் ஆல்த்தோ. படிப்பிக்கிற மிஸ்ஸுக்கு ஸேஞோரீத்தா, ஸ்பெயின்ல சின்னப் பிள்ளையள் அதைச் சுருக்கி ஸேஞோ எண்டு கூப்பிடுவினம், பெருவில எங்களை மாதிரியே மிஸ் எண்டே கூப்பிடுற பள்ளிக்கூடங்கள் இருக்கு.

வழி சொல்லேக்க, நேர வாங்கோ, மிஸ் பண்ணவே ஏலாது எண்டு சொல்லுவம். ஏ ஒன்பது றோட்டால வந்தால் முறிகண்டிப் பிள்ளையாரடி, வாகனமெல்லாம் நிப்பாட்டித் தேங்காய் உடைக்கிற இடம், ரெண்டு பக்கமும் கச்சான் கடை, ஆர் தவறவிடுவினம். அதுக்கு ஸ்பெயின்ல நோ தியேனே பேர்திதா. முதல் எழுத்தை அழுத்திப் பேர்திதா, அது இழப்பு. மிஸ்ட் கோல்ல வந்தது பெர்தீதா, நடு எழுத்தில அழுத்தம், துலைஞ்சது. ஸ்பானிஷ்ல எழுத்து ஒண்டுதான், இழப்புக்கு மட்டும் அழுத்துற எழுத்துக்கு மேல ஒரு சின்னக் கோடு போடுவினம், அழுத்தம் மாறினால் சொல்லு மாறிடும், வொய்ஸ்ல சொல்லேக்க கவனம்.

கடைசியாச் சொல்லப்போறதுதான் இஞ்ச எங்களுக்கு முக்கியமானது. மிஸ்ஸிங் எண்டு இங்கிலிஷ்ல எழுதுற ஆக்கள். போன ஆவணி 30ம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டோருக்கான சர்வதேச நாள், படத்தைக் கையில வைச்சுக்கொண்டு அம்மாமார் றோட்டோரம் நிண்டதைப் படம் எடுத்து மச்சாளுக்கு அனுப்பினன். கீழ எழுத அவசரத்தில மொழிமாத்துற ஒரு அப்ல இங்கிலிஷைப் போட்டு எடுத்தன், அது பெர்ஸோனாஸ் பெர்தீதாஸ் எண்டு தந்துது. வற்றாப்பளைப் பொங்கல்ல சனத்துக்குள்ள கைவிட்டுப்போன பிள்ளையை ஒலிபெருக்கியில சொல்லுவினமே, அந்தப் பிள்ளைக்குத்தான் பெர்தீதோ சரி, எக்ஸ்த்ராவியாதோ எண்டும் சொல்லலாம். மச்சாள் உடன வொய்ஸ் போட்டா. இல்லை, இவையள் வழி தவறிப் போகேல்ல, இதை அழிச்சுப்போட்டுத் தெஸப்பரெஸீதோஸ் எண்டு எழுது எண்டு. அவவின்ர நாட்டிலயும் அந்தச் சொல்லு எல்லா வீட்டுக்கும் தெரியும்.

தெஸப்பரெஸேர் எண்டால் மறையிறது, தானா மறையிறது. சூரியன் மறையிற மாதிரி, செய்யிற ஆள் இல்லாத வினை. ஆனா தென்னமெரிக்காவில சனம் அதைச் செய்யிற ஆள் இருக்கிற வினையா மாத்திப்போட்டினம். லோ தெஸப்பரெஸியேரோன், அவனை மறைச்சுப்போட்டாங்கள். இலக்கணப் புத்தகத்தைப் பாத்து ஆரும் அப்பிடிச் சொல்லத் துடங்கேல்ல. இஞ்ச நாங்களும் அதைத்தானே செய்தம். காணாமல் போனோர் எண்டு எழுத வேண்டாம், அவையள் தாங்களாப் போகேல்ல, காணாமல் ஆக்கப்பட்டோர் எண்டு எழுதுங்கோ எண்டு எங்கட அம்மாமார் எத்தினை தரம் திருத்தியிருப்பினம். போ எண்ட வினையைத் தூக்கிப்போட்டு ஆக்கு எண்ட வினையை வைச்சினம். ஒருதற்ற மொழியை மற்றவை அறியாத ரெண்டு கரையில ஒரே திருத்தம். இங்கிலிஷின்ர மிஸ்ஸிங்ல ஆர் செய்தது எண்டதுக்கு இடமே இல்லை, அதால இதை ஒரு நாளும் மிஸ்ஸிங்ல இருந்து மொழிபெயர்க்காதேங்கோ, தமிழ்ல இருந்து நேர போங்கோ. வலிந்து காணாமல் ஆக்கப்படுதல் எண்டதுக்குத் தெஸப்பரிஸியோன் ஃபொர்ஸாதா, 2006ல ஐநா ஏற்றுக்கொண்ட சமவாயத்தின்ர ஸ்பானிஷ் பேரிலயும் இதே சொல்லுத்தான்.

ஆர்ஜென்ரீனாவில 1976இல இருந்து 1983 மட்டும் ராணுவ ஆட்சி. 1977 சித்திரை 30ம் திகதி 14 அம்மாமார் தலைநகரில பிளாஸா தெ மாயோ எண்ட சதுக்கத்தில, சனாதிபதி மாளிகைக்கு முன்னால கூடிச்சினம். கூட்டமா நிக்கக்கூடாது, நகருங்கோ எண்டு பொலிஸ் சொல்ல, நிக்காமல் சோடி சோடியாச் சுத்தி நடந்தினம், பேந்து ஒவ்வொரு வியாழனும் நடந்தினம். பிள்ளையள் குழந்தையா இருக்கேக்க கட்டின துணியை வெள்ளை முக்காடாத் தலையில கட்டினவை. இஞ்ச 2017 மாசி 20ம் திகதி கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைக் கேட்டுப் போராட்டத்தில இருந்தவை நாங்கள் அறிஞ்ச ஆக்கள், எங்கட பெரியம்மாவும் அதில ஒராள்.

பெரியம்மா ஒரு மட்டையில ஸ்பானிஷ்ல எழுதித் தாவன் எண்டு என்னட்டக் கேட்டவ. எழுதேக்க இதைக் கவனியுங்கோ. ஒரு மகனெண்டால் தெஸப்பரெஸீதோ, மகளெண்டால் தெஸப்பரெஸீதா, கனபேர் எண்டால் கடைசியில ஸ். இறந்தவை எண்ட சொல்லைக் கிட்டவும் கொண்டுவரக்கூடாது, அது அவையள் ஏற்றுக்கொள்ளாத சொல்லு. கேள்வி எண்டால் கேள்விக்குறி பின்னால மட்டுமில்லை, தலைகீழா முன்னாலயும் போடோணும். எங்கட பிள்ளையள் எங்க எண்டதுக்குத் தோந்தே எஸ்தான் நுவெஸ்த்ரோஸ் ஈஹோஸ். அதில எஸ்தான் எண்டது இப்ப இருக்கினம் எண்ட நிகழ்காலம், எங்க இருந்தவை இல்லை, எங்க இருக்கினம். பெரியம்மா அதைத் தமிழ் எழுத்தில கொப்பித்தாளில எழுதி வாங்கி நாலஞ்சு தரம் சொல்லிப் பாத்தவ. முதல்ல எஸ்-ஐ அழுத்திச் சொன்னவ, அழுத்தம் தான்-இல வரோணும் பெரியம்மா எண்டு சொல்ல, சரியாச் சொன்னவ.